திரைக்காப்பை நிறுத்தும் உரிமை யாருக்கு?

இம்மாதம் ஒரு தாயாரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். அவருடைய மூத்த மகன் கணனி வகுப்புக்குப் போகிறான். தங்கைக்கு எழுத்துக்களும் படங்களும் காட்டுவதற்காகச் சின்னதொரு செய்நிரல் எழுதியிருக்கிறான். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே மாறும். பிள்ளை எதையும் தொட வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆனால் பத்து நிமிடம் கழிந்ததும் திரைக்காப்பு, அதாவது ஸ்கிரீன் சேவர், வந்து படத்தை மறைத்துவிடுகிறது. மகன் யோசித்துப் பார்த்துவிட்டு, செய்நிரலுக்குள் ஒரு வரியைச் சேர்த்துத் திரைக்காப்பையே நிற்பாட்டிவிட்டான். தங்கைக்கு ஒரே சந்தோஷம்.

அதே கணனியில்தான் வாப்பா கடைக் கணக்கு எழுதுகிறார். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்பெல்லாம் அவர் எழுந்து போனால் சிறிது நேரத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல் கொடுத்தால்தான் திறக்கும். இப்போது மகனின் செய்நிரலை மூடிய பின்னரும் பூட்டுவதே இல்லை. கடைக்கு வந்த ஒருவர் திறந்து கிடந்த கணக்கை வாசித்துக்கொண்டு நின்றதை வாப்பா கண்டுவிட்டார். வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. “மகன் செய்தது பிழையா? பிழையென்றால் வேறு என்னதான் அவன் செய்திருக்க வேண்டும்?” என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

சகோதரி அவர்களே, மகனின் தேவை நியாயமானது. பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை மறைந்தால் எந்தப் பிள்ளைக்கும் எரிச்சல் வரும். ஆனால் “என் படம் முடியும்வரை பொறுத்துக்கொள்” என்று கணனியிடம் சொல்வது ஒன்று; “இனிமேல் இந்தக் கணனியில் திரைக்காப்பே வேண்டாம்” என்று சொல்வது வேறொன்று. முதலாவது இரவல் வாங்குவது. இரண்டாவது, வாப்பா வைத்த பூட்டை அவரைக் கேளாமல் கழற்றி வைப்பது. விண்டோஸில் இரண்டுக்கும் வழி உண்டு. இரண்டாவதுதான் கைக்கு இலகுவாக அகப்படும். புதிதாகப் படிக்கிற பிள்ளைகள் அதையே முதலில் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். ஏசுவதைவிட விளக்கிச் சொல்வதே நல்லது.

திரைக்காப்பு எதற்காக வந்தது என்று முதலில் பார்ப்போம். பழைய கணனிகளின் திரை, பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போல, கண்ணாடிக் குழாயால் ஆனது. குழாயின் உட்புறத்தில் பொஸ்பர் என்ற பூச்சு இருக்கும். பின்னாலிருந்து வரும் இலத்திரன் கற்றை பட்டதும் அந்தப் பூச்சு ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்ந்துபோகும். பிறகு கணனியை அணைத்தாலும் எழுத்தின் சாயல் திரையில் நிலைத்துவிடும்.

இதைத் தடுக்க 1983 டிசெம்பரில் ஜோன் சோச்சா என்பவர் ஐ.பி.எம். கணனிக்கென ஒரு சிறு செய்நிரலை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டார். மூன்று நிமிடம் யாரும் சாவிப்பலகையைத் தொடாவிட்டால் அது திரையை இருட்டாக்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த மூன்று நிமிடத்தை ஐந்தாக்க விரும்பினாலும் செய்நிரலைத் திருத்தி மறுபடியும் தொகுத்தாக வேண்டும். பறக்கும் டோஸ்டர்களும் நீந்தும் மீன்களும் பின்னர் வந்த அலங்காரங்கள்.

மகனுக்கு நான் சொல்ல விரும்புவது அதற்கும் முந்திய ஒரு கதை. 1979இல் அட்டாரி 400, அட்டாரி 800 என்ற வீட்டுக் கணனிகள் வெளிவந்தன. பெரும்பாலும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துத்தான் அவற்றைப் பாவித்தார்கள். டீவியின் திரை பழுதாகக் கூடாதே என்று கணனிக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் சாவிப்பலகை தொடப்படாவிட்டால் திரையின் நிறங்கள் மாறி மாறி ஓடத் தொடங்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளையாடுகிற பிள்ளையின் கை சாவிப்பலகையில் இல்லை, ஜோய்ஸ்டிக்கில் அல்லவா இருக்கிறது? கணனி அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளை முழுமூச்சாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே “இங்கே ஆளில்லை” என்று தீர்மானித்து நிறங்களை மாற்றிவிடும். உங்கள் மகனுக்கு வந்த அதே பிரச்சினை!

அன்று விளையாட்டு எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கணனியின் நினைவகத்தில் 77ஆம் இடத்தில் ஓர் எண் இருக்கும். நேரம் போகப் போக அது ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும். 128ஐ எட்டினால் நிறமாற்றம் தொடங்கும். யாராவது சாவியை அழுத்தினால் எண் பூச்சியத்துக்குத் திரும்பும். விளையாட்டு எழுதியவர்கள் தங்கள் செய்நிரலுக்குள் ஆங்காங்கே “77ஆம் இடத்தில் பூச்சியத்தை இடு” என்று ஒரு கட்டளை எழுதிவைத்தார்கள். பேசிக் மொழியில் அது ஒரே ஒரு வரி.

அவர்கள் அந்த எண்ணுகிற ஏற்பாட்டை உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். “ஆள் இருக்கிறார், மறுபடி முதலிலிருந்து எண்ணு” என்று மட்டும் சொன்னார்கள். விளையாட்டை நிறுத்தினால் அந்தக் கட்டளையும் நின்றுவிடும். கணனி தன்பாட்டில் எண்ணத் தொடங்கி, ஒன்பது நிமிடத்தில் தன் வேலையைச் செய்யும். யாரும் எதையும் பழையபடி திருத்தி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி விண்டோஸுக்கு வருவோம். உங்கள் மகன் பாவித்திருப்பது, பெரும்பாலும், சிஸ்டம் பராமீட்டர்ஸ் இன்ஃபோ என்ற செயற்கூறாக இருக்கும். அதனிடம் பல எண்களைக் கொடுத்துப் பல வேலைகளை வாங்கலாம். 17 என்ற எண்ணைக் கொடுத்தால் திரைக்காப்பை இயக்கவும் நிறுத்தவும் முடியும். 15ஐக் கொடுத்தால் எத்தனை விநாடியில் அது வரவேண்டும் என்று மாற்றலாம். 114ஐக் கொடுத்தால், அது இப்போது ஓடுகிறதா என்று அறிந்துகொள்ளலாம். இவற்றுடன், “இந்த மாற்றத்தைப் பாவனையாளரின் அமைப்புகளில் எழுதிவை” என்று ஒரு குறிப்பையும் சேர்க்க முடியும். அதைச் சேர்த்தால் செய்நிரலை மூடினாலும் மாற்றம் அப்படியே நிற்கும். கணனியை அணைத்துப் போட்டாலும் நிற்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

“சரி, செய்நிரல் தொடங்கும்போது பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, முடியும்போது திருப்பி வைத்தால் போதாதா?” என்று மகன் கேட்கக்கூடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். போதாது. செய்நிரல் இடையில் முறிந்து நின்றுவிட்டால் திருப்பி வைக்க யார் இருக்கிறார்கள்?

முறியாவிட்டாலும் சிக்கல் உண்டு. படம் காட்டும் செய்நிரலும் வீடியோ ஓட்டும் இன்னொரு செய்நிரலும் இதே முறையில் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது தொடங்கும்போது “திரைக்காப்பு இயங்குகிறது” என்று குறித்துக்கொண்டு நிறுத்துகிறது. பிறகு இரண்டாவது தொடங்குகிறது. அது “திரைக்காப்பு நின்றிருக்கிறது” என்று குறித்துக்கொள்கிறது. முதலாவது முடியும்போது தன் குறிப்பின்படி இயக்கிவிட்டுப் போகிறது. வீடியோ பார்ப்பவரின் திரை நடுவில் மறைகிறது. கடைசியாக இரண்டாவது முடிகிறது. அதுவும் நேர்மையாகத் தன் குறிப்பைப் பார்த்து “நின்றிருந்தது” என்ற நிலைக்கே திருப்பிவிட்டுப் போகிறது. இரண்டும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டன. ஆனால் கணனி பூட்டில்லாமல் நிற்கிறது. இதை மகன் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். வகுப்பில் கிடைக்கும் பாடத்தைவிட இது பெறுமதியானது.

அப்படியானால் சரியான வழி எது? திரைக்காப்பைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், முன்னால் திறந்திருக்கும் சாளரத்துக்கு விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும். “திரைக்காப்பைத் தொடங்கப் போகிறேன்” என்பதே அச்செய்தியின் பொருள். சாதாரணமாகச் செய்நிரல்கள் அதைக் கவனியாமல் விண்டோஸிடமே திருப்பிக் கொடுத்துவிடும். உடனே திரைக்காப்பு வரும். செய்நிரல் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு பூச்சியத்தை விடையாகக் கொடுத்தால் அந்தத் தடவை திரைக்காப்பு வராது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் பூச்சியம் சொல்ல வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும்போது வழமைபோல் விட்டுவிட வேண்டும். சாளரம் மூடப்பட்டால் விடை சொல்ல ஆளில்லை. எல்லாம் தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும்.

திரைக்காப்பு வேறு, மின்சாரத்தை மிச்சப்படுத்தத் திரையையே அணைப்பது வேறு. இரண்டுக்கும் வெவ்வேறு நேரக் கணக்கு உண்டு. திரை அணைவதைத் தடுக்க செட் திரெட் எக்ஸிகியூஷன் ஸ்டேட் என்ற செயற்கூறு இருக்கிறது. “எனக்குத் திரை தேவைப்படுகிறது” என்று அதன் மூலம் அறிவிக்கலாம். அறிவித்த செய்நிரல் முடிந்ததும் அந்த அறிவிப்பும் செல்லாமற் போய்விடும். இது திரைக்காப்பைத் தடுப்பதற்கானதல்ல என்று மைக்ரோசொப்ட் தன் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே மேலே சொன்ன செய்திக்கு விடை சொல்வதையும் இதையும் சேர்த்தே செய்வது நல்லது. விண்டோஸ் 7 முதல், காரணத்தையும் எழுதிக் கேட்கக்கூடிய புதிய செயற்கூறுகளும் வந்துள்ளன. எந்தச் செய்நிரல் திரையை அணையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று அறிய விரும்பினால், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையை ரிக்வெஸ்ட்ஸ் என்ற சொல்லுடன் கொடுத்தால் பட்டியல் வரும்.

வேறொரு குறுக்குவழியும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மகன் நண்பர்களிடம் கேட்டு அறிந்துகொள்வான், ஆகவே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கொரு தடவை செய்நிரலே மவுஸைச் சற்று அசைப்பது, அல்லது ஒரு சாவியை அழுத்தியதுபோலப் பாவனை செய்வது. அட்டாரி முறையைப் போலத் தோன்றினாலும் இது வேறு. கணனிக்குப் பொய் சொல்கிறது. எழுந்து போனவர் இருக்கிறார் என்று கணனி நம்பிக்கொண்டிருக்கும். பொய்யாக அழுத்திய சாவி வாப்பாவின் கணக்கேட்டுக்குள் போய் விழுந்தாலும் விழலாம். 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, இப்படிப் பொய்யாகச் சாவி அழுத்தி வேலை செய்வதுபோலக் காட்டியதாகச் சொல்லிப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது.

ஒரு காரியாலயத்தின் நிர்வாகி “திரை கட்டாயம் கடவுச்சொல்லோடு பூட்டப்பட வேண்டும்” என்று மேலிருந்து விதி வைத்துவிட்டால், மகன் பூச்சியம் சொன்னாலும் விண்டோஸ் கேட்காது. திரைக்காப்பு வந்தே தீரும். அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நோயாளர்களின் விபரம் இருக்கும் கணனியை ஒரு படம் காட்டும் செய்நிரல் திறந்து போட்டுவிட முடியுமென்றால் அந்தப் பூட்டால் என்ன பயன்?

என்னைக் கேட்டால், இந்த விடயத்தில் மிக அழகான ஏற்பாடு லினக்ஸ் கணனிகளில் இருப்பதுதான். அங்கே செய்நிரல் தன் பெயரையும் காரணத்தையும் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். “நான் இன்ன செய்நிரல், படம் ஓடுகிறது” என்று சொன்னால், திரைக்காப்பைக் கவனிக்கும் பகுதி ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இலக்கத் துண்டைப் போல. வேலை முடிந்ததும் அந்த இலக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமலே செய்நிரல் முறிந்து விழுந்துவிட்டால், தொடர்பு அறுந்ததைக் கண்டு அனுமதி தானாக நீங்கிவிடும். மூன்று செய்நிரல்கள் கேட்டால் மூன்று இலக்கங்கள். மூன்றும் திரும்பி வந்த பின்னரே திரைக்காப்பு மறுபடி வரும். மேலே தாளில் எழுதிப் பார்க்கச் சொன்ன குழப்பத்துக்கு இங்கே இடமே கிடையாது. ஏனெனில் யாரும் பாவனையாளரின் அமைப்பில் கைவைக்கவில்லை.

இணையப் பக்கங்களுக்கு நீண்ட காலம் இப்படியொரு வழி இருக்கவில்லை. சமையற் குறிப்பைத் திறந்து வைத்துவிட்டு மாவு பிசைகிற கையோடு நிற்கும்போது கைபேசியின் திரை அணைந்துபோகும். சில பக்கங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வீடியோவை ஓட்டித் திரையை விழிக்கச் செய்தன. பேட்டரி வீணானதுதான் மிச்சம். 2020இல் குரோம் உலாவியில் முறையாகக் கேட்கும் வழி வந்தது. 2023இல் சஃபாரியும் 2024இல் ஃபயர்பொக்ஸும் அதை ஏற்றுக்கொண்டன. நீங்கள் வேறொரு பக்கத்துக்கு மாறினால் அந்த அனுமதி அக்கணமே நீங்கிவிடும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணனியைச் சரிசெய்ய வேண்டுமல்லவா? முதலில் அந்த வரியைச் செய்நிரலிலிருந்து நீக்கிவிடச் சொல்லுங்கள். நீக்கினால் மட்டும் போதாது; ஏற்கெனவே மாறிய அமைப்பைக் கையால் திருப்ப வேண்டும். விண்டோஸின் தேடும் இடத்தில் ஸ்கிரீன் சேவர் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதற்குரிய பெட்டி திறக்கும். அதில் ஏதேனும் ஒன்றைத் தெரிவுசெய்து, நிமிடத்தைக் கொடுத்து, மீண்டும் திரும்பும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டும்படி சொல்லும் சிறு கட்டத்தில் அடையாளமிட வேண்டும். அந்த அடையாளம் இல்லாவிட்டால் திரைக்காப்பு வெறும் படம்தான், பூட்டல்ல. எழுந்து போகும்போது விண்டோஸ் சாவியையும் எல் சாவியையும் ஒன்றாக அழுத்தினால் உடனே பூட்டும் என்பதை வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். எந்தத் திரைக்காப்பையும் நம்பி இருப்பதைவிட அது மேல். செய்நிரலிலிருந்தே பூட்ட மகன் விரும்பினால் லொக் வேர்க்ஸ்டேஷன் என்ற செயற்கூறு அதற்கென்றே இருக்கிறது. திரைக்காப்புக் கோப்பை நேரடியாக ஓட்டினால் படம் வரும், பூட்டு விழாது.

திரைக்காப்பு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் உண்மையில்லை. படம் ஆடிக்கொண்டிருந்தால் திரைக்கும் மின்சாரம் வேண்டும், படத்தை வரையும் கணனிக்கும் வேண்டும். மிச்சம் வேண்டுமென்றால் திரை அணையும்படி வையுங்கள். இன்றைய தட்டைத் திரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய சாயல் விழும் பயம் இல்லை. ஓலெட் திரைகளுக்கு மட்டும் அந்தப் பயம் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொரு விடயம் உண்டு. பிள்ளைகள் இணையத்திலிருந்து அழகான திரைக்காப்புகளை இறக்கிப் பார்ப்பார்கள். விண்டோஸில் திரைக்காப்பு என்பது படக்கோப்பு அல்ல. எஸ்.சி.ஆர். என்று முடியும் அந்தக் கோப்பு ஒரு முழுமையான செய்நிரல். பெயரின் முடிவு மட்டும்தான் வேறு. ஓடு என்றால் விண்டோஸ் அதற்கு ஓர் எஸ் எழுத்தையும், அமைப்புகளைக் காட்டு என்றால் ஒரு சி எழுத்தையும் கொடுத்துத் திறக்கிறது. மற்றபடி எந்தச் செய்நிரலும் செய்யக்கூடியதை அதுவும் செய்யும். இதனால் நன்மையும் நடந்திருக்கிறது. 1999 மே மாதம் தொடங்கி 2020 மார்ச் வரை செட்டி அட் ஹோம் என்ற திரைக்காப்பை உலகெங்கும் மக்கள் ஓட்டினார்கள். ஆளில்லாத நேரத்தில் அது வானொலித் தொலைநோக்கி பிடித்த சமிக்ஞைகளைக் கணக்கிட்டு ஆய்வாளர்களுக்கு அனுப்பியது.

தீமையும் இதே வாசலால்தான் வந்தது. 2004 ஜனவரியில் பரவிய மைடூம் என்ற கணனிப் புழு மின்னஞ்சலோடு வந்த இணைப்புகளில் சில எஸ்.சி.ஆர். என்று முடிபவை. விண்டோஸ் வழமையாகக் கோப்புப் பெயரின் முடிவை மறைத்துக் காட்டுவதால், “புகைப்படம்.ஜேபிஜி.எஸ்சிஆர்” என்ற பெயர் வெறும் புகைப்படம் போலவே தெரியும். கோப்புகளைத் திறக்கும் சாளரத்தின் வியூ பட்டியில் பெயரின் முடிவுகளைக் காட்டச் சொல்லும் கட்டம் உண்டு. வீட்டுக் கணனியில் இன்றே அதில் அடையாளமிட்டு வையுங்கள். எஸ்.சி.ஆர். என்று முடியும் எதுவும் மின்னஞ்சலில் வந்தால், தெரிந்தவர் பெயரில் வந்திருந்தாலும், திறக்காமலே அழித்துவிடச் சொல்லுங்கள்.